மைதானம் யாருடைய பொதுச்சொத்து? ஐ.எஸ்.எல். பருவம் நின்றுபோனதும் உச்ச நீதிமன்றம் சொன்னதும்

கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் கோடையில் வற்றிவிடும். வற்றிய ஏரியின் நடுவில், சீமைக்கருவேல மரங்களை வெட்டிச் சமன்செய்த ஓர் இடத்தில், எங்கள் பகுதிப் பிள்ளைகள் மாலை நேரங்களில் கால்பந்து ஆடுகிறார்கள். கோல் கம்பங்களுக்குப் பதிலாக நான்கு மூங்கில் கழிகள். வடகிழக்குப் பருவமழை வந்து ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டால் அவர்களுடைய ஆட்டப் பருவம் முடிந்தது. 2025 ஜூலையில் ஒரு மாலை, அவர்களில் கோல் காப்பாளனாக நிற்கும் பதினேழு வயதுப் பையன் என்னை நிறுத்திக் கேட்டான்: "அண்ணா, இந்த வருஷம் ஐ.எஸ்.எல். நடக்காதாமே? கோர்ட்டுல கேஸ் இருக்குதாமே? நீங்க வக்கீல்தானே, என்னன்னு சொல்லுங்க."

அன்று அவனுக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். ஒரு தொழில்முறை லீக் ஒரு பருவம் நடக்காமல் போவதில் நமக்கென்ன என்ற அலட்சியமும் என்னிடம் இருந்தது. பின்னர் வழக்கின் ஆவணங்களையும், அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று வெளிவந்த தீர்ப்பையும் படித்தபோது, அந்த வழக்கு இந்த ஏரிக்கும் உரியது என்று தோன்றியது. 2026 பிப்ரவரி 14 அன்று பருவம் ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. தொடங்கியதோடு பிரச்சினையும் தீர்ந்ததாகப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன? 2010 டிசம்பர் 9 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐ.எம்.ஜி. - ரிலையன்ஸ் நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முதன்மை உரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. மொத்த மதிப்பு 700 கோடி ரூபாய். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள், அதாவது ஒளிபரப்பும் விளம்பரமும் புதிய லீக் நடத்தும் அதிகாரமும், அந்த ஒப்பந்தத்தின்வழி தனியார் கைக்குச் சென்றன. அதிலிருந்து பிறந்ததே 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். அதை நடத்தியது ரிலையன்ஸ் குழுமத்தைச் சார்ந்த ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் லிமிடெட் என்னும் நிறுவனம். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி ரூபாய் கூட்டமைப்புக்கு வந்துகொண்டிருந்தது. நாட்டின் கால்பந்து நிர்வாகம் அந்த ஒற்றை வருவாயின்மேல் சாய்ந்து நின்றது.

ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவடைய இருந்தது. பருவமோ வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டுவரை நீளும். பாதியில் உரிமை காலாவதியாகும் ஒரு பருவத்தை எப்படித் தொடங்குவது என்று கேட்டு, ஜூலை 11 அன்று அந்த நிறுவனம் பருவத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமே என்றால், கூட்டமைப்பின் அமைப்பு விதிகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்காகக் காத்திருந்தது. தீர்ப்பு வரும்வரை கைகள் கட்டப்பட்டிருப்பதாகக் கூட்டமைப்பு சொன்னது. ஆகஸ்டு தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. வீரர்கள், ஊழியர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஒடிசா அணி ஒப்பந்தங்களை இடைநிறுத்தியது.

நவம்பரில் அடுத்த அடி விழுந்தது. கூட்டமைப்பு லீக்கை நடத்த ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 விழுக்காடு தரவேண்டும் என்பது நிபந்தனை. நவம்பர் 7 அன்று கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வந்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான குழு அதை உச்ச நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தந்தது. 2026 ஜனவரி தொடக்கத்தில் தேசிய அணியின் மூத்த வீரர்களே காணொளியில் தோன்றி, இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுங்கள் என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவிடம் முறையிட்டார்கள். சில நாள்களில், ஜனவரி 6 அன்று, ஒன்றிய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும் என்று அறிவித்தார். 14 அணிகள், 91 ஆட்டங்கள். ஓர் அணி மற்றோர் அணியை ஒருமுறை மட்டுமே சந்திக்கும். முந்தைய பருவத்தில் ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் 24 ஆட்டங்கள் ஆடியது, இப்போது 13. ஆட்டம் பாதியாகக் குறைந்தால் ஆட்டக்காரனின் கூலி என்னாகும் என்பது எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்த கணக்கு.

செய்திகள் இவ்வளவோடு நின்றன. நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கால்பந்து நம் மக்களுக்கு வேலையாக வந்த வழி ஒன்று உண்டு. வங்கி, ரயில்வே, துறைமுகம், காவல்துறை, மின்வாரியம் என்ற பொதுத்துறை அணிகள் அந்த வழி. 1996இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கில் சென்னையிலிருந்து ஆடிய இந்தியன் வங்கி அணியைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதில் ஆடியவர் முதலில் வங்கி ஊழியர். முழங்கால் உடைந்தாலும் அவர் வங்கி ஊழியராகவே ஓய்வுபெறுவார். அவர் நுழைந்த வாயில் பொது வேலைவாய்ப்பு என்பதால் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது உறுப்பு அங்கே பொருந்தியது. 'திமிரு' படத்தின் வில்லனாகத் தமிழர்கள் அறிந்த ஐ.எம். விஜயன், திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன். அவரை ஆட்டக்காரராக்கி வேலையும் தந்தது கேரளக் காவல்துறை அணி. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தனியார் லீக் வந்தபின் பணமும் வெளிச்சமும் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. வியாசர்பாடியின் தனபால் கணேஷ், 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் அடித்து, அந்த ஆண்டு கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நின்றார். வடசென்னை அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது, கொண்டாடியது சரியே. ஆனால் சட்டத்தின் கண்ணில் நிகழ்ந்த மாற்றம் வேறு. பொது வேலை தனியார் ஒப்பந்தமாக மாறிவிட்டது. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். இடஒதுக்கீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை, பருவம் நின்றால் ஊதியமும் இல்லை. இரண்டு மாத ஊதியம் பாக்கி வைத்தால், பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபாவின் விதி சொல்கிறது. முறித்துக்கொண்டு எங்கே போவது? எல்லா அணிகளும் ஒரே லீக்கில்தான் இருக்கின்றன, லீக்கே நிற்கிறது.

வீரருக்காவது முறிக்க ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. புல் வெட்டுபவர், உடை துவைப்பவர், ஆட்டம் முடிந்த இரவில் இருக்கைகளுக்கு அடியில் குப்பை பொறுக்குபவர் ஆகியோர் ஒப்பந்ததாரரிடம் நாட்கூலியாக இருப்பவர்கள். அவர்கள் எந்தச் சமூகத்தவர் என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அணி நிர்வாகங்கள் 'செயல்பாடுகளை நிறுத்திவைக்கிறோம்' என்று வெளியிட்ட அறிக்கைகளில் வீரர்களின் குடும்பங்களுக்காக வருத்தம் இருந்தது. இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

பருவம் நின்றதற்கு முன்பே, மேலே ஏறும் படிகள் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதற்கு 2018-19 பருவம் ஒரு பாடம். தமிழ்நாட்டில் அதை ஏனோ மறந்துவிட்டோம். அந்தப் பருவத்தில் நாட்டில் இரண்டு உயர்நிலை லீக்குகள் ஒன்றாக நடந்தன. ஒன்று பத்து அணிகள் கொண்ட ஐ.எஸ்.எல். மற்றொன்று பதினோர் அணிகள் கொண்ட ஐ-லீக். ஐ-லீக்கில் கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடியது சென்னை சிட்டி எஃப்.சி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். அவரைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், ரெஜின் மைக்கேல். ரெஜினின் சகோதரர் மைக்கேல் சூசைராஜ் அதற்கு முந்தைய பருவத்தில் இதே அணியில் ஒளிர்ந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனவர். இருவரும் கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர்கள்.

2019 மார்ச் 9, கடைசி நாள். ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி பின்னால் நின்றது. கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. மான்சி ஒரு பெனால்டியால் சமன்செய்தார். இரண்டாம் பாதியில் தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனாலும் 43க்கு 42 என்ற கணக்கில் கோப்பை கோயம்புத்தூரில் தங்கியது. தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

அதே பருவத்தில் ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, 9 புள்ளிகளோடு பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் முடித்தது. அடுத்த ஆண்டு அந்த அணி எங்கே ஆடியது? அதே ஐ.எஸ்.எல்.லில். சென்னை சிட்டி? அதே ஐ-லீக்கில். 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. வென்றவர் கீழே போனார், கடைசியில் வந்தவர் மேலே இருந்தார். சென்னையின் எஃப்.சி. மீது எனக்குக் குறையில்லை. விதியை எழுதியது அவர்கள் அல்லர். ஆனால் தகுதி என்ற சொல்லை இடஒதுக்கீட்டுக்கு எதிராக அன்றாடம் கேட்டுக்கொண்டிருக்கும் நாம், தகுதியை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி உண்டா என்று கேட்கலாம். இருபது ஆட்டம், புள்ளிப் பட்டியல், முதலிடம். அதுவும் செல்லவில்லை. மேல்தட்டில் இடம், நுழைவுக் கட்டணம் கட்டியவருக்கு நிரந்தரம். பிறப்பால் கிடைக்கும் இடத்துக்கும் இதற்கும் அமைப்பளவில் என்ன வேறுபாடு என்று அம்பேத்கரைப் படித்த எவருக்கும் தோன்றும்.

சென்னை சிட்டியின் முடிவு பரிதாபமானது. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. ஐ-லீக்கை வெல்பவர் மேலே ஏறலாம் என்ற விதி 2022-23 பருவத்தில்தான் வந்தது. பஞ்சாப், முகமதன் ஸ்போர்ட்டிங், நீதிமன்றம்வரை சென்று இன்டர் காசி என மூன்று அணிகள் அப்படி ஏறியிருக்கின்றன.

இனி தீர்ப்புக்கு வருகிறேன். வழக்கின் வேர் 2017இல். ராகுல் மெஹ்ரா என்னும் வழக்குரைஞர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கூட்டமைப்பின் தேர்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அது எட்டு ஆண்டுகள் நடந்தது. நடுவே 2022 ஆகஸ்டில் இந்தியாவை ஃபிஃபா தடைசெய்ததும், சில நாள்களில் தடையை நீக்கியதும் நிகழ்ந்தன. நாகேஸ்வர ராவ் தயாரித்த அமைப்பு விதிகளை, சில திருத்தங்களோடு, நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்யா பக்சி அமர்வு 2025 செப்டம்பர் 19 அன்று ஏற்றது. நாட்டின் முதல்நிலை லீக் கூட்டமைப்புக்குச் சொந்தமானதாக, ஏற்றமும் இறக்கமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் உண்டு. ஆறரை ஆண்டு தாமதமானாலும், 2019 மார்ச் 9 அன்று கோவையில் எழுந்த கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. ஏட்டில் இருப்பது களத்தில் வருகிறதா என்பது வேறு.

எனக்கு முக்கியமாகப் பட்டது தீர்ப்பின் முன்பகுதி. விளையாட்டு வசதிகளையும் வாய்ப்புகளையும் நீதிமன்றம் சமூகத்தின் பொருள்வளங்கள் என்று குறிப்பிட்டது. அவை நகரத்துப் பணக்காரர் சிலர் கையில் குவிந்துவிடாமல் பார்ப்பது அரசின் கடமை என்றது. ஒளிபரப்பு உரிமை முதலியவற்றால் வரும் வருவாய், எல்லோருக்கும் எட்டக்கூடிய, கட்டுப்படியாகும் விளையாட்டுக்காகப் பகிரப்பட வேண்டும் என்றது. இவை அனைத்தையும் சகோதரத்துவம் என்னும் அரசமைப்பு விழுமியத்தோடு இணைத்தது.

இந்தச் சொற்கள் தற்செயலானவை அல்ல. 'சமூகத்தின் பொருள்வளங்கள்' என்பது அரசமைப்புச் சட்டத்தின் 39(பி) உறுப்பின் சொல். அவ்வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொது நன்மைக்கு உகந்தவாறு பகிரப்பட அரசு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது அவ்வுறுப்பு. அது நெறிமுறைக் கோட்பாடு என்பதால், 37ஆவது உறுப்பின்படி, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வழக்கு வெல்ல முடியாது. மேலும் 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்துகள் அனைத்தும் இந்த வரையறைக்குள் வந்துவிடா என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வளத்தின் இயல்பு, அதன் அருமை, சமூக நலனில் அதன் தாக்கம், சிலர் கையில் குவிவதால் நேரும் விளைவு ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. நாமக்கல் மாவட்டத்தில் இருப்பவர்க்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. இங்குள்ள நல்ல மைதானங்களில் பல, தனியார் விடுதிப் பள்ளிகளின் மதிலுக்குள் இருக்கின்றன. அவை 39(பி)க்குள் வருமா என்பது வாதிட வேண்டிய ஒன்று. அரசுப் பள்ளி மைதானமும், பேரூராட்சித் திடலும், மாவட்ட விளையாட்டரங்கமும் வரும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

சகோதரத்துவம் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. நேரு முன்வைத்த குறிக்கோள் தீர்மானத்தில் அந்தச் சொல் இல்லை. முகப்புரையில் அதைச் சேர்த்தது அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு. 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய இறுதி உரையில், சாதிகள் இருக்கும்வரை சகோதரத்துவம் இல்லை, அது இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் வேரூன்றா என்பதை அவர் விளக்கினார். ஆகவே சகோதரத்துவத்தை விளையாட்டோடு இணைத்த தீர்ப்பு, அண்ணலின் வாதத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் நின்றுவிட்டது என்பதே என் குறை. 'நகரத்துப் பணக்காரர்' என்பது சரியான குற்றச்சாட்டு. ஆனால் பாதிக் குற்றச்சாட்டு. நகரத்திலிருந்து மீட்டுக் கிராமத்துக்குக் கொடுத்தால் போதும் என்று அதைப் படித்துவிடலாம். கிராமம் என்பது ஒன்றா? ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் இடத்தில், கிராமத்துக்குக் கொடுக்கப்படுவது முதலில் ஊருக்குக் கொடுக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2024இல் தமிழ்நாடு அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம், நான் வரவேற்றேன். அந்தத் தொகுப்பு ஓர் அறையில் வைத்துப் பூட்டப்படும். சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்கள் வட்டாரத்தில் சில ஊராட்சிகளில் பிள்ளைகளிடம் விசாரித்தேன். சாவி இருக்கும் வீடு ஊரில் இருக்கிறது. அந்த வீட்டு வாசலில் போய் நின்று பந்து கேட்க எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லை. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. ஆகவே புகாரும் இல்லை. அரசு கொடுத்த பந்து உள்ளே இருக்கிறது. பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிய பந்து ஏரியில் உருள்கிறது.

புகார் எழுந்த ஒரு நிகழ்வும் உண்டு. ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் அங்கேதான் வாழ வேண்டும். பொங்கலை ஒட்டி அரசுப் பள்ளி மைதானத்தில் ஒரு கால்பந்துப் போட்டி அறிவிக்கப்பட்டது. நுழைவுக் கட்டணத்தோடு போன எங்கள் அணியிடம், 'இது ஊர்ப் போட்டி, ஊர் அணிகளுக்கு மட்டும்' என்று சொன்னார்கள். அணியிலிருந்த எல்லோரும் அதே பள்ளியில் படித்தவர்கள். என்னிடம் வந்தார்கள். புகார் எழுதிக் கொடுத்தேன். காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்வதாக எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு போட்டியே நடத்தப்படவில்லை. அன்று முதல் தகவல் அறிக்கைக்கு நான் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். பிள்ளைகளின் பெற்றோர் வேலை செய்வது அந்த ஊர்க்காரர்களின் கோழிப் பண்ணைகளில் என்பதால் அவர்கள் தயங்கினார்கள். அவர்களோடு நானும் தயங்கிவிட்டேன்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கு உரித்தாக்கப்பட்ட பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் எவருக்கும் தடை கூடாது என்பது 15(2)(பி) உறுப்பு. இது அடிப்படை உரிமை. தனிமனிதர் செய்யும் தடைக்கும் பொருந்தும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு, 2015 திருத்தத்தின்படி, ஒரு பகுதியின் பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும், பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்த வேண்டும் என்ற நிபந்தனை இந்தப் பிரிவுக்கு இல்லை. காவல் நிலையங்களில் இதை மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருப்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். 18-ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. பதிய மறுக்கும் அதிகாரிமேல் 4ஆவது பிரிவு பாயும். 'பேசித் தீர்த்தல்' என்பது இச்சட்டத்தில் எங்கும் இல்லாத நடைமுறை.

இதற்கும் முந்தையது நம்முடைய உரிமை. பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடம் யாவும் எல்லோருக்கும் உரியன என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். மகத் குளத்து நீரை அண்ணல் அள்ளியது 1927இல். குளத்துக்குக் கிடைத்த சட்ட வாதம் மைதானத்துக்கும் கிடைக்கும். நாம்தான் மைதானத்தைக் கேட்கவில்லை. விளையாட்டைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்தது நம் இயக்கங்களின் பிழை, என் பிழையும் சேர்த்து. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். அதற்கு அளவெடுத்த மைதானத்தில் பழகியிருக்க வேண்டும். மைதானம் மறுக்கப்படும் இடத்தில் வேலையும் மறுக்கப்படுகிறது.

நிர்வாகத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? கூட்டமைப்பின் புதிய விதிகளின்படி செயற்குழுவில் 14 பேர். அதில் முன்னாள் வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் அனைத்து விளையாட்டுக் கூட்டமைப்புகளின் செயற்குழுக்களிலும் அதைச் செய்கிறது. இரண்டும் போராடிப் பெற்றவை. இரண்டிலும் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. இங்கிருந்து ஒருவர் சட்டமன்றத்தில் உட்கார அரசமைப்பு வழிசெய்திருக்கிறது. மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் உட்கார எந்த விதியும் வழிசெய்யவில்லை. பெண்களுக்கு இடம் ஒதுக்க முடிந்த விதியில் இதையும் ஒதுக்க முடியாது என்பதற்குச் சட்டக் காரணம் எதையும் நான் காணவில்லை.

அடுத்து லீக்கின் வணிக உரிமையைப் புதிதாக யாருக்கேனும் கொடுக்கும் பேச்சு வரும். அந்த ஒப்பந்தத்தை எழுதும் மேசையில் ஒரு நிபந்தனை இருக்க வேண்டும் என்று கேட்பது இப்போது சட்டப்படி வலுவுள்ள கோரிக்கை. ஒளிபரப்பு வருவாயில் குறிப்பிட்ட பங்கு, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் உள்ள பகுதிகளில் பொது மைதானங்களுக்குச் செல்ல வேண்டும். நீதிமன்றம் பகிர வேண்டும் என்று சொன்னது; யாருக்கு என்பதை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

வியாசர்பாடியிலும் இரவிபுத்தன்துறையிலும் ஆட்டக்காரர்கள் முளைத்ததற்கு மண்ணின் மாயம் எதுவும் காரணமன்று. அங்கே பிள்ளைகளை விரட்டாத ஒரு திடல் இருந்தது, ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் இருந்தார்கள். எங்கள் பக்கத்திலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். லாரிப் பட்டறையில் வேலை முடித்து வந்து மாலையில் பிள்ளைகளுக்குப் பந்து கடத்தக் கற்றுத்தருபவர் ஒருவரை எனக்குத் தெரியும். திடல் இல்லை.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாறியது நல்லது. பெயர் மாறிய குடியிருப்புகளில் எத்தனைக்கு நடந்துபோகும் தொலைவில் மைதானம் இருக்கிறது, அரசுப் பள்ளி மைதானங்கள் மாலையில் யாருக்குத் திறக்கப்படுகின்றன, ஊராட்சிகளில் உபகரணத் தொகுப்பின் வழங்கல் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது: இந்த மூன்று கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனுக்களாக எழுதியிருக்கிறோம். மனுதாரர் பதினெட்டு வயது நிரம்பிவிட்ட அந்தக் கோல் காப்பாளன். முப்பது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏரியில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மாலையில் ஆடுகிறார்கள்.